அக்கா போடாத தடம்

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டோம். "மலைமேல ஒரு விடுதியில இருக்கா" என்போம். "அங்க என்ன பண்றா?" என்று மேலும் நோண்டினால் பேச்சை மாற்றிவிடுவோம். வெட்கப்படும்படியான வேலை ஒன்றும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் சிரிப்பார்கள், சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இதை எழுதும்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் முதல் பாதியிலேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

அக்கா பனியில் மிருகங்களின் காலடித் தடம் போடுகிறவள்.

எங்கள் விடுதிக்குக் குளிர்காலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். அலுவலகத்துக்காரர்கள், கல்லூரி நண்பர்கள், புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட இரண்டு குடும்பங்கள், இப்படி. கனத்த கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, கால் புதையாமலிருக்கப் பூட்ஸுக்கு அடியில் அகலச் சட்டம் கட்டிக்கொண்டு, வாத்துக்கூட்டம் போல வரிசையாகக் காட்டுக்குள் போவார்கள். பனியில் நடை, வழியில் காட்டு மிருகங்கள் என்பதுதான் முதலாளி கொடுத்த விளம்பரம். மிருகங்கள் இல்லாமல் இல்லை. ஓநாய், நரி, மான், முயல், பெரிய காட்டுப்பூனை எல்லாம் உண்டு. ஆனால் இருபது முப்பது பேர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டும் போனில் பாட்டைப் போட்டுக்கொண்டும் வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு அவை எதற்காக நிற்க வேண்டும்? புத்தியுள்ள மிருகம் எதுவும் நிற்காது. ஒரு கூட்டம் மூன்று நாள் நடந்தும் ஒரு காக்காயைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்து முதலாளியின் அறையில் மேஜையைத் தட்டிக் கத்தியது. முதலாளி முன்பு ஊரில் சினிமா தியேட்டர் நடத்தியவர். படம் ஓடாவிட்டால் போஸ்டரை மாற்றி ஒட்டத் தெரிந்தவர். "மிருகத்தைக் காட்ட முடியலன்னா என்ன, இப்பத்தான் இந்தப் பக்கமா போச்சுன்னு காட்டலாமே" என்றார்.

அக்கா அப்போது விடுதியின் சலவை அறையில் இருந்தாள். அதற்கு முன்பு செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் வேலை. அங்கேதான் மாமாவைப் பார்த்தாள். மாமா பெட்டி கட்டுகிற பிரிவு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாமாவை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் யோவ். அந்தக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். மாமா அதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், சிரிப்பார், ஒரு கதை சொல்வார். தொழிற்சாலை மூடியதும் அந்த வாய்தான் அவருக்கு இந்த விடுதியில் வழிகாட்டி வேலை வாங்கிக் கொடுத்தது. காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முக்கால்வாசி அவரே கட்டிய கதை. என் வீட்டுக்காரர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போன பிறகு நானும் இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டேன். எனக்குச் சமையலறை.

காலடி என்றதும் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளைத்தான் முதலாளிக்கு நினைவு வந்தது. தச்சர் மரத்தில் பாதங்கள் செதுக்கிக் கொடுத்தார். ஓநாய்க்கு ஒரு ஜோடி, காட்டுப்பூனைக்கு ஒரு ஜோடி, மானுக்குக் குளம்பு. ஒவ்வொன்றும் நீளக் கம்பின் நுனியில் மாட்டியிருக்கும். விடிவதற்குள் அக்கா கிளம்பிவிடுவாள். கூட்டம் நடக்கிற பாதை ஏற்கெனவே மிதிபட்டுக் கெட்டியாக இருக்கும். அதன்மேலேயே நடந்துகொண்டு, கம்பை எட்டி, பக்கத்துப் புதுப்பனியில் பாதத்தை அழுத்திக்கொண்டே போவாள். ஆரம்பத்தில் அவள் போட்ட ஓநாய் ரொம்ப ஆழமாக அழுந்திவிட்டது. பார்த்த ஒரு பெரியவர், "பாவம், நெறமாசம் போல" என்று சொல்லிவிட்டார். காட்டுப்பூனைக்கு நகம் வைத்துப் போட்டாள். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது, விடுதி நாயைப் பார்த்துத் தொழில் கற்றவளுக்கு எப்படித் தெரியும்? போகப் போகத் தேறிவிட்டாள். விடுதியில் எல்லாரும் அவளை நாலுகால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் முகத்துக்கு நேராக இல்லை.

இதில் எனக்கு எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. இத்தனை பேர் பார்க்க வந்து பார்க்காமல் போகிற மிருகங்களை அவள் மட்டும் தினமும் பார்த்தாள். தனியாக, சத்தமில்லாமல் போகிறாளே. குளிரில் சிவந்த மூக்கோடு சமையலறைக்கு வந்து அடுப்பருகே நின்று சொல்வாள்.

"இன்னைக்கு ஒரு மான் நின்னுச்சுடி. என் கையில இருந்த குளம்பையே பாத்துச்சு. அதோட துணிய நான் எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி அப்படி ஒரு பார்வை."

"நீ என்ன பண்ண?"

"கம்பை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன். வெக்கமா போச்சு."

அவ்வளவுதான், அப்படியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். சிரித்த முகமாக அவளைப் பார்க்க முடிந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

கரடி விவகாரம் ஆரம்பித்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் வந்தபோது. அவர்களுக்கு ஒரு செயலாளர். பேருந்தில் யார் ஜன்னல் பக்கம் உட்காருவது என்பதிலிருந்து யார் எத்தனை ரொட்டி தின்பது என்பது வரை அவர்தான் தீர்மானிப்பார். வருவதற்கு முன்பே முதலாளிக்குப் போன் செய்து, "எங்க ஆளுங்க ஓநாய்க்கெல்லாம் மசிய மாட்டாங்க. கரடி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். முதலாளி யோசிக்கவே இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் முதலாளி எங்களை உலர்த்தும் அறைக்குக் கூப்பிட்டார். ஈரக் கையுறைகளும் காலுறைகளும் கம்பிகளில் தொங்குகிற அறை அது. ஹீட்டர் சூட்டில் ஊர்ப்பட்ட கால்களின் நாற்றம் எல்லாம் சேர்ந்து அடிக்கும். அக்காவின் மரப்பாதங்களும் அங்கேதான் ஒரு மூலையில் சாத்தியிருக்கும். முதலாளி கையில் புதிதாக ஒரு ஜோடி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பாதம், முன்னால் ஐந்து நீள நகம்.

"கரடியா?" என்றாள் அக்கா. "இந்தக் குளிர்லயா?"

"ஏன், கரடிக்குக் குளிருமா?" என்று முதலாளி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். மாமாவும் கூடச் சிரித்தார்.

"கரடி தூங்குற காலம் இது. இப்ப வெளிய நடமாடுதுன்னா அதோட குகைய யாரோ கலைச்சிருக்கணும். கொலைப்பசியில இருக்கும். அந்தத் தடத்தைப் பாத்தா மனுஷன் ஓடணும். நின்னு போட்டோ எடுக்கக்கூடாது."

"வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியப்போகுதா?"

"எனக்குத் தெரியுமே."

இது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. அந்த மலையில் பால் கொண்டுவருகிறவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது மாதிரி இருக்க அக்காவுக்கு மட்டும் முடியவில்லை.

"நான் போடுறது நாம பாக்காத நடை" என்றாள். "ஓநாய் அந்தப் பக்கம் வருது, போகுது. நேத்து போயிருக்கும், நாளைக்குப் போகும். நான் அதைக் கொஞ்சம் கிட்டத்துல போட்டுக் காட்டுறேன். கரடி இப்ப நடக்கவே நடக்காது. அதைப் போட்டா பச்சைப் பொய்."

பொய்யில் பச்சை, பழுப்பு என்று வகை பிரித்து வைத்திருந்தாள் என் அக்கா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. முதலாளி மாமாவைப் பார்த்தார். வார்த்தை எதுவும் சொல்லவில்லை, வழிகாட்டி வேலைக்கு வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும் என்பது மாதிரி ஒரு பார்வை. அது போதும், மாமா தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நாளைக்குத்தானே. போட்டுட்டு வந்துடேன்" என்றார்.

அக்கா திரும்பினாள். "யோவ், நீ அவருக்கு ஜால்ராவா, எனக்குப் புருஷனா?"

"ரெண்டும்தான்" என்றார் மாமா, நயமாகப் பேசுகிற நினைப்பில். முதலாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான்தான் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரி. "அவர்கிட்ட சொல்லு, காலுறை கயித்துல காயுதுன்னு." "உங்க அக்காகிட்ட சொல்லு பாப்பா, இருமல் மருந்து மேஜைமேல இருக்குன்னு." நாற்பது தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு என் வழியாக உப்புக் கேட்டார்கள். மாமாவுக்குத் தெம்பே போய்விட்டது. அக்கா கோபப்படுவது அவருக்குப் பழக்கம், பேசாமல் இருப்பது பழக்கமில்லை. "நீயாவது சொல்லேன்" என்று என்னிடம் வந்து நிற்பார். நான் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "கரடி முழிச்சுக்கிட்டு வந்து கேட்டா போடுறேன்னு சொல்லு" என்றாள்.

சங்கத்தார் வந்து இறங்கினார்கள். முதல் நாள் ஓநாய்த் தடம். அது அக்கா போட்டதுதான். ஓநாய்க்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. செயலாளர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். அன்று சாயங்காலம் தன் ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டு உலர்த்தும் அறைக்குள் போனவர், அதைத் தேடுகிற சாக்கில் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, மரப்பாதங்களைக் கண்டுபிடித்துவிட்டார்.

நியாயமான மனிதனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? முதலாளியின் சட்டையைப் பிடித்திருப்பான். பிடித்திருந்தால் நான் சூடாகச் சூப் ஊற்றிக் கொடுத்திருப்பேன். இவரோ சத்தம் போடாமல் தன் ஆட்களை எல்லாம் ஓர் அறைக்குள் கூட்டி, "எல்லாம் செட்டப்பு. நாளைக்குக் கரடியும் வரும் பாருங்க, உள்ள ஆள் இருக்கும்" என்று சொல்லிவைத்தார். ஒன்றும் தெரியாதது மாதிரி போய், வேடிக்கை பார்த்து, வீடியோ எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ச் சிரிப்பது என்று முடிவு. இது எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. இரண்டு பக்கமும் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவன்தான் ஏமாளி என்று நினைத்தபடி காலையில் காட்டுக்குள் போனார்கள்.

அன்று காலை அக்கா போகவில்லை. கரடி போடச் சொன்ன நாள் ஆயிற்றே. என் அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவள், கூட்டம் கிளம்பிய பிறகுதான் எழுந்து சமையலறைக்கு வந்தாள். நான் உருளைக்கிழங்கைக் கொட்டி அவள் முன் வைத்தேன். கிழங்கை உரித்தாளா, யாரையாவது நினைத்துக்கொண்டு தோலை உரித்தாளா தெரியாது, அப்படி ஒரு வேகம்.

சமையலறை ஜன்னலில் ஒரு வாக்கிடாக்கி இருக்கும். பாதி வழியில் ஒரு மரக்குடிசை உண்டு. கூட்டம் அங்கே வந்து சேரும் நேரத்துக்குச் சூப்பும் தேநீரும் அனுப்ப வேண்டும் என்பதால் மாமா அதில் அவ்வப்போது பேசுவார். அன்று அது கரகரத்தது. மாமாவின் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

"பாப்பா, உங்க அக்காகிட்ட சொல்லு. கரடி ரொம்ப அருமையா வந்திருக்கு. நெஜக் கரடி தோத்துடும். சரி, நான் கதைய ஆரம்பிக்கப் போறேன்."

சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. கதை சொல்லும்போது செட்டை அணைத்துவிடுவது அவர் வழக்கம். பயம் காட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் நான் வெங்காயம் எங்கே என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தது ஒரு தடவை நடந்திருக்கிறது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போடலையே" என்றாள்.

அடுத்த நொடி வாக்கிடாக்கியைப் பிடுங்கிக் கத்தினாள். "யோவ், அது நான் போட்டது இல்ல. திரும்பி வா. யோவ்." அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் கேட்க? கத்திக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சூப் ஏற்றிப்போகிற பனி ஸ்கூட்டரின் சாவி முதலாளியிடம் இருக்கும். இரண்டு பேரும் அவர் அறைக்கு ஓடினோம். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நீ போடாம வேற யாரு போடுவா?"

"கரடி போட்டிருக்கு."

"இந்தக் குளிர்லயா?" என்றார். அவள் கேட்ட கேள்வியையே அவளிடம் திருப்பிக் கேட்டார். அதோடு விடவில்லை. "இப்பப் போயி நடுவுல கத்தினா செட்டப்பு எல்லாம் வெளிய வந்துடும். உங்க புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டோட வச்சுக்க."

அந்த ஆளை அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அக்கா யோசிக்கவில்லை. அவர் இடுப்பு வாரில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். வாரோடு வந்தது. தேநீர் அவர் மடியில் கொட்டியது. அது ஆறிப்போயிருக்குமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் கைக்கு அகப்பட்ட பெரிய அண்டாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் ஏறினேன். மரங்களுக்கு நடுவே அவள் ஓட்டிய வேகத்தில் இரண்டு தடவை விழப் பார்த்தோம். ஓரிடத்தில் பாதைக்குப் பக்கத்தில் அந்தத் தடம் தெரிந்தது. அக்கா வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். தடத்துக்கு ஓரமாக எச்சில் ஒழுகிய கோடு பனியில் இருந்தது. எந்தத் தச்சரும் அதைச் செதுக்க முடியாது. கதை சொல்கிற அவசரத்தில் மாமா அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது அவர் வேலை. அவரையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

குடிசைக்கு முன்னால் உள்ள வெட்டவெளியில் எல்லாரும் நின்றிருந்தார்கள். விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம் கரடி. படத்தில் பார்க்கிற மாதிரி குண்டுக் கரடி இல்லை. எலும்பு தெரிந்தது, தோல் தொங்கியது. அதனால்தான் அவர்களுக்கு அது ஆள் போட்ட வேஷம் மாதிரியே தெரிந்ததாம். மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்துக்கும் கரடிக்கும் நடுவே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "சத்தம் போடாதீங்க, மெதுவா பின்னால போங்க, தயவு செஞ்சு போங்க" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் கை தட்டினார்கள். ஆமாம், கை தட்டினார்கள். ஓர் அம்மா, "அவருக்கு நடிப்பு நல்லா வருது இல்ல?" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அக்கா ஸ்கூட்டரை நிறுத்திக் குதித்தாள். "அது நெஜக் கரடி. எல்லாரும் குடிசைக்குள்ள போங்க."

செயலாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வாங்கம்மா, நீங்கதானே கால் போடுறவங்க? உங்க பாதமெல்லாம் நேத்தே பாத்துட்டோம். போதும், விடுங்க." சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தபடி மாமாவைத் தாண்டிக் கரடியைப் பார்த்து நடந்தார். "சார், உள்ள யாரு, சமையல்காரரா? வேர்க்கலையா?"

சமையல்காரி நான் அண்டாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கரடி தலையைத் தாழ்த்தியது. அது வருகிற வேகத்தை யாரும் நம்ப முடியாது; நின்ற இடத்தில் இருந்தது, அப்புறம் எங்கள்மேல் இருந்தது. மாமா செயலாளரின் கோட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அந்த ஆள் குப்புற விழுந்தார். விழுந்தவருக்குப் பதிலாக நின்றவர்மேல் கரடியின் கை விழுந்தது. மாமா கத்தவில்லை. உட்காருகிற மாதிரி மெதுவாகச் சாய்ந்தார்.

அக்கா போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. மறுபடி ஸ்கூட்டரில் ஏறி, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகக் கரடிமேல் விட்டாள். நான் அண்டாவை அடித்தேன், அடிப்பாகம் நசுங்குகிற வரை அடித்தேன். கரடி இரண்டு அடி பின்வாங்கியது, எங்களைப் பார்த்தது, பிறகு திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழ்ச்சரிவில் மரம் வெட்டுகிறவர்கள் இயந்திரத்தை விட்டு அதன் குகையைக் கலைத்துவிட்டார்கள் என்று பிறகு வனத்துறைக்காரர் சொன்னார். பாவம், அதையும் யாரோ ஒருவன்தான் எழுப்பியிருக்கிறான்.

பனி சிவந்துகொண்டே போனது. அப்போதும் பின்னாலிருந்து ஒரு குரல், "இது சாயமா?" என்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். செயலாளர் எழுந்து முகத்திலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டு, "என் போன், என் போன்" என்று தரையைத் துழாவினார். போன் என் காலடியில் கிடந்தது. பூட்ஸால் மிதித்துப் பனிக்குள் அழுத்தினேன், எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழம்.

மாமாவை ஸ்கூட்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த, சூப் ஏற்றுகிற சறுக்குப் பலகையில் கிடத்திச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கீழே ஊருக்கு. வழி முழுக்க அக்கா அவர் தொடையில் தன் சால்வையை அழுத்திப் பிடித்தபடி திட்டிக்கொண்டே வந்தாள். பல்லிளிப்பான், தலையாட்டி, கண்ணிருந்தும் குருடன், வாயால கெட்டவன். மூச்சு விடாமல் திட்டினாள். கூட வந்த செவிலியர், "அம்மா, அவருக்குக் கேக்காது, மயக்கத்துல இருக்கார்" என்றார். "கேக்கணும்" என்றாள் அக்கா. "கேக்குற வரைக்கும் திட்டுவேன்."

தொடையிலிருந்து முழங்கால் வரை கிழித்திருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் பழைய நடை வராது என்றார் டாக்டர். மறுநாள் காலையில் முதலாளி பழக்கூடையோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இனிமே நம்ம காட்டுல கரடி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தார். நான் பழக்கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மாமா கண் திறந்தார். வாய் உலர்ந்திருந்தது. அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. நான் வெளியே போகலாமா என்று எழுந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பயமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டப் போகிறாள் என்று தெரிந்தது.

"பொறந்ததுலேர்ந்து தடமே பாக்காதவன் மாதிரி" என்று ஆரம்பித்தாள். "அத்தனை பெரிய காலு, எச்சில் ஒழுகியிருக்கு, நகம் கீறியிருக்கு. பாக்க மாட்டியா? உன் வேலைதானேய்யா அது? அப்படி என்ன அவசரம் உனக்கு, அது பின்னாலேயே போறதுக்கு?"

மாமா பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நீ போட்டதுன்னு நெனச்சேன்."

"நான்தான் போட மாட்டேன்னு சொன்னேனே."

"சொன்ன. அதான், பாத்ததும் மனசு நெறஞ்சு போச்சு." வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று சொன்னார். "அவளுக்குக் கோவம் போயிடுச்சு, எனக்காக வந்து போட்டுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். எச்சில் எங்க இருந்துச்சு, நகம் எங்க கீறியிருந்துச்சு, எதுவும் பாக்கல. சீக்கிரம் முடிச்சுட்டு உன்கிட்ட வரணும்னு வேகமா நடந்தேன்."

அக்காவின் கையிலிருந்த பஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த திட்டு எல்லாம் எங்கே போனதோ, வாய் திறந்தபடி நின்றாள். அழுதால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவள் அழவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு காயம் படாத பக்கம் வந்து உட்கார்ந்து, மாமாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவம் இன்னும் போகலய்யா" என்றாள்.